மூளை நாளப் புடைப்பும் கணிப்பொறிக் கண்ணும்

மனித உடலுள் மறைந்து வாழும் பகைகளுள் மிகவும் ஓசையற்றது எதுவென வினவினால், மூளையின் இரத்த நாளத்தில் தோன்றும் புடைப்பைத்தான் முதலிற் சுட்ட வேண்டும். இதனை மேனாட்டு மருத்துவர் ‘அனியூரிஸம்’ என்பர். நாளத்தின் சுவர் ஓரிடத்தில் வலுவிழந்து, உள்ளிருந்து மோதும் இரத்தத்தின் அழுத்தத்தால் வெளிப்புறம் சிறு பைபோற் பிதுங்கி நிற்பதே அனியூரிஸம். வளர்ந்தவர் நூறு பேரை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ மூவருக்கு இப்புடைப்பு இருக்கக்கூடும் என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவாகும். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதனை அறியாமலே முழு வாழ்வு வாழ்ந்து மறைகின்றனர். ஆயின், புடைப்பு வெடித்துவிட்டாலோ, மூளையைச் சூழ்ந்த நீர்வெளியில் இரத்தம் பாய்கிறது. அவ்வாறு தாக்குண்டோரில் மூன்றில் ஒரு பங்கினரும் அதற்கு மேலும் உயிரிழக்கின்றனர். உயிர் பிழைத்தோரிலும் பலர் பழைய வாழ்வுக்குத் திரும்புவதில்லை.

இப்பகையை வெடிக்குமுன் கண்டறிய முடியுமா என்பதே மருத்துவ உலகம் நெடுநாள் கேட்டுவந்த கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடும் பணியில் இன்று செயற்கை நுண்ணறிவு என்னும் புதுத் துணையும் சேர்ந்திருக்கிறது. நம் குடியிருப்புகளில் ஸ்கான் படங்கள் இல்லாத வீடு அரிது. அலமாரியின் மேல்தட்டில், ரேஷன் அட்டைக்கும் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் அருகே, ஆஸ்பத்திரியின் பெரிய உறையொன்று இருக்கும். அவ்வுறையிலுள்ள படத்தைப் படிக்கும் கண் எவ்வாறு வளர்ந்தது, இனி அதனை எவ்வளவு நம்பலாம் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். அந்நோக்குடனேயே இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூற முற்படுகிறோம்.

பழைய நூல்களில் நோய்

‘அனியூரிஸம்’ என்பது கிரேக்கச் சொல். விரிதல், அகலுதல் என்பது அதன் பொருள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆண்டிலஸ் என்னும் கிரேக்க அறுவை மருத்துவர், கைகால்களில் தோன்றிய புடைப்புக்கு மேலும் கீழும் நாளத்தைக் கட்டி, இடைப்பட்ட பையைத் திறந்து சிகிச்சை செய்யும் முறையை வகுத்தார். கையால் தொட்டுத் துடிப்பை உணரக்கூடிய இடங்களில் அது இயன்றது. எலும்புக் கூட்டினுள் பாதுகாக்கப்பட்ட மூளையோ எட்டாத கோட்டையாகவே இருந்தது.

1664-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்பார் மூளையின் உடற்கூறு பற்றிய நூலொன்றை வெளியிட்டார். மூளையின் அடிப்புறத்தில் நாளங்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்திருப்பதை அந்நூல் தெளிவாக விளக்கியது. அதற்குப் படங்கள் வரைந்து உதவியவர்களுள் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்பது சுவையான செய்தி. இன்றும் அவ்வளையம் வில்லிஸின் பெயராலேயே வழங்குகிறது. ஆறு கிளைபிரியும் இடத்தில் கரை அரிப்புண்பதைப் போல, வளையத்தின் கிளைபிரியும் மூலைகளில்தான் நாளப் புடைப்புகள் பெரிதும் தோன்றுகின்றன. எங்கே தேட வேண்டும் என்பதற்கு வழிகாட்டும் வரைபடம் இவ்வாறு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆயினும் உயிருள்ள மனிதனிடத்தில் தேடும் வழி மட்டும் கிட்டவில்லை. இறந்தோரின் உடலை அறுத்துப் பார்த்த பின்னரே நோயின் பெயர் தெரிந்தது.

1891-இல் ஜெர்மானிய மருத்துவர் குவிங்கே முதுகெலும்பினிடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை வெளியிட்டார். அந்நீரில் இரத்தம் கலந்திருப்பின் மூளையைச் சுற்றி நாளம் வெடித்துள்ளது என ஊகிக்க அது பின்னர் உதவிற்று. எனினும் அது வெடித்த பின் தெரியும் செய்தியே அன்றி, முன்னறிவிப்பு அன்று.

நிழலில் தெரிந்த நாளம்

1895 நவம்பர் 8-ஆம் நாள் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். எலும்பு தெரிந்தது, இரத்த நாளம் தெரியவில்லை. கதிரை மறிக்கும் பொருளொன்றை நாளத்தினுள் செலுத்தினால் அதுவும் நிழலாகத் தெரியுமன்றோ? 1896 ஜனவரியிலேயே வியன்னா நகரில் ஹாஷெக், லிண்டென்டால் என்னும் இருவர், வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கையின் நாளங்களில் அத்தகைய பொருளைச் செலுத்திப் படமெடுத்துக் காட்டினர். உயிருள்ளவர்க்குத் தீங்கு செய்யாத பொருளைக் கண்டறியவோ மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அதனைச் சாதித்தவர் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் வாழ்ந்த இகாஸ் மோனிஸ். அவருடைய முதல் முயற்சிகள் நலமாக முடியவில்லை. ஸ்டிரான்ஷியம் புரோமைடைச் செலுத்திய நோயாளிகளுள் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் சோடியம் அயோடைடு கரைசலுக்கு மாறினார். 1927 ஜூன் 28 அன்று உயிருள்ள மனிதரின் மூளை நாளங்கள் முதன்முறையாகப் படத்தில் துலங்கின. மருத்துவ வரலாற்றில் அது ஒரு பெருநாள் ஆகும்.

ஆனால் இதனையடுத்து நிகழ்ந்த ஒன்றையும் மறத்தலாகாது. 1930-களில் ‘தோரோடிராஸ்ட்’ என்ற புதுக் கரைசல் எங்கும் பரவிற்று. படம் மிகத் தெளிவாக விழுந்தது; நோயாளிக்கு எரிச்சலும் இல்லை. எல்லாரும் அதனைப் போற்றினர். அதிலிருந்த தோரியம் கதிரியக்கம் உடையது. உடலை விட்டு நீங்காது ஈரலில் தங்கிவிடுவது. ஆண்டுகள் பல கழிந்த பின், அதனைச் செலுத்திக்கொண்டோர் பலருக்குப் புற்றுநோய் தோன்றிற்று. தெளிவான படமே நல்ல மருத்துவம் என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும்போதும் இப்பாடத்தை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

1953-இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர், கத்தியால் நாளத்தைத் திறவாமல், ஊசியும் மெல்லிய கம்பியும் கொண்டு நுண்குழாயை உட்செலுத்தும் எளிய முறையை வகுத்தார். தொடை நாளத்தின் வழியாக மூளை வரை சென்று படமெடுக்கும் இன்றைய முறை அதிலிருந்தே வளர்ந்தது.

அறுவையும் கம்பிச் சுருளும்

காண முடிந்ததும் களைய முடியுமா என்ற வினா எழுவது இயல்பு. 1931-இல் எடின்பரோவில் நார்மன் டாட், வெடித்த புடைப்பொன்றைத் திறந்து கண்டு, நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த தசையால் அதனைப் பொதிந்து காத்தார். 1937 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி, புடைப்பின் கழுத்தில் சிறு வெள்ளிக் கவ்வியைப் பொருத்தி அதனை நாளத்திலிருந்து துண்டித்தார். இன்றுவரை நடைபெறும் ‘கிளிப்’ அறுவைக்கு அதுவே தொடக்கம்.

நம் நாட்டில் இத்துறை வேரூன்றியது தமிழ் மண்ணில் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1949-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இப்பணியை ஏற்றார். இவ்விருவரும் டாக்டர் பல்தேவ் சிங், டாக்டர் எஸ். டி. நரசிம்மன் ஆகியோருடன் கூடி, 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் நிறுவினர்.

அந்நாள் தொட்டு வேலூரின் பெயர் வடக்கேயும் கிழக்கேயும் பரவியது. வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் இதனை நன்கு அறிவர். அண்டை வீட்டாருக்குத் தலையில் நோயென்றால், “வேலூருக்கு எந்த ரயிலில் போக வேண்டும்? அங்கே எங்கே தங்கலாம்?” என்று நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுகின்றனர். பெயரெழுதிக் கொடுப்பதும், ஊரிலுள்ள உறவினருக்குச் சொல்லி வைப்பதும் நம்மவர் செய்து வரும் சிறு உதவிகள். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேலான அப்பயணத்தில் நோயாளி சுமந்து செல்லும் பொருள்களுள் முதன்மையானது அந்தப் பட உறையே. அதனைத் திறந்து பார்த்துச் சொல்லும் கண்ணைத் தேடித்தான் அத்தனை தொலைவு செல்கின்றனர். இதனை இங்கே குறிப்பதற்குக் காரணம் உண்டு, பின்னர் விளங்கும்.

1991-இல் இத்தாலியரான குலியெல்மி, அமெரிக்காவில் தாம் பணியாற்றிய காலத்தில் வகுத்த புதுமுறையை வெளியிட்டார். தலையோட்டைத் திறவாமல், நாளத்தின் வழியே நுண்குழாய் செலுத்தி, மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளைப் புடைப்பினுள் நிரப்பி அடைப்பதே அம்முறை. வெடித்த புடைப்புடையோர் 2143 பேரிடத்துக் கவ்வியையும் சுருளையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் சுருள் முறையில் நூற்றுக்கு 23.7 பேர், அறுவை முறையில் 30.6 பேர். இரு முறைக்கும் ஏற்றவர் எனக் கருதப்பட்ட நோயாளிகளைப் பற்றிய முடிவு இது.

கணிதம் வரைந்த படம்

1971 அக்டோபர் 1 அன்று லண்டனையடுத்த விம்பிள்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியலார் அமைத்த சி.டி. ஸ்கான் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரைச் செலுத்தி, கிடைத்த அளவுகளைக் கொண்டு உள்ளிருப்பதைக் கணிப்பொறி கணக்கிட்டு வரைவதே அதன் நுட்பம். தொடக்கக் காலப் படங்கள் 80 கட்டத்துக்கு 80 கட்டம் என்ற அளவிலேயே இருந்தன. எனினும் மூளையினுள் கசிந்த இரத்தம் அவற்றில் தெரிந்தது.

அதே 1971-இல் மற்றொரு அரிய கட்டுரையும் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் நெடுநாள் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணன் என்பாருடன் சேர்ந்து, கதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்டெடுக்கும் எளிய கணித வழியை அதில் காட்டினார். ‘கன்வொல்யூஷன்’ என்பது அதன் கருவி. எண்களின் வரிசை ஒன்றின் மீது சிறிய எடைச் சட்டமொன்றை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வோரிடத்திலும் பெருக்கிக் கூட்டுவதே அதன் செயல். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதற்கருவி வேறு கணக்கு முறையைக் கையாண்டது. பின்வந்த கருவிகளோ கன்வொல்யூஷன் வழியைத் தழுவின. உலகெங்கும் மாணவர் கற்கும் பாடநூல்களில் ‘ராம்-லக்’ வடிகட்டி என்று காணப்படும் பெயர் இவ்விருவரின் பெயர்ச் சுருக்கமே. 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டு கூறியவரும் இதே ராமச்சந்திரன்தான். இரத்த நாளச் சுவருக்கு உறுதி தரும் பொருள்களுள் அக்கொலாஜனும் ஒன்று. நாளத்தின் கட்டுமானத்தையும் அதனைப் படமாக்கும் கணிதத்தையும் ஒருவரே தொட்டுச் சென்றது வியத்தற்குரியது.

காந்தப் புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறைக்கு 1973-இல் பால் லாட்டர்பர் வழி திறந்தார். பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு அதனை வளர்த்தார். இருவரும் 2003-இல் நோபெல் பரிசு பெற்றனர். இம்முறையில் ஊசி மருந்து ஏதும் இன்றியே நாளங்களைக் காணலாம். அசையாத தசையின் குறி திரும்பத் திரும்பத் தூண்டப்படுவதால் மங்கிவிடுகிறது. புதிதாக ஓடிவரும் இரத்தத்தின் குறியோ ஒளிர்கிறது. ஓட்டமே ஒளியாக மாறும் இவ்வழியால், நோயற்றவருக்கும் தீங்கின்றி நாளச் சோதனை செய்தல் இயன்றது. ஜப்பானில் இத்தகைய மூளைச் சோதனை ஆண்டுதோறும் செய்யும் உடற்பரிசோதனை போலவே பரவலாயிற்று.

இவ்வளர்ச்சியால் ஒரு புது இடர்ப்பாடும் பிறந்தது. அன்று மருத்துவர் பார்க்க வேண்டியிருந்தவை சில படங்களே. இன்றோ ஒரு நோயாளியின் நாளச் சோதனையில் நூற்றுக்கணக்கான படத்துண்டுகள் வருகின்றன. மூன்று மில்லிமீட்டர்ப் புடைப்பு என்பது நம் சமையலறைக் கடுகை விடச் சற்றே பெரிது. வளைந்து நெளியும் நாளங்களுக்கிடையே, எலும்பின் அருகே, அது ஒளிந்திருக்கும். கிளை தொடங்கும் இடத்தின் இயல்பான அகலமும் சிலவேளை புடைப்பைப் போலத் தோன்றும். இரவுப் பணியில் களைத்த கண், எத்துணைத் தேர்ச்சி பெற்றதாயினும், ஒன்றிரண்டைத் தவறவிடுதல் இயற்கை.

கணிப்பொறி கற்ற பாடம்

படத்தைக் கணிப்பொறி படிக்கலாம் என்னும் எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. 1963-இலேயே அமெரிக்கரான குவிலிம் லாட்விக், நுரையீரல் புற்றுநோயின் எக்ஸ்ரே அடையாளங்களை எண்களாக்கிக் கணிப்பொறிக்குத் தரும் முறையை எழுதினார். 1980-களில் சிகாகோ பல்கலைக் கழகத்தில் குனியோ டோய் குழுவினர், கணிப்பொறி மருத்துவரை அகற்றுவதற்கன்று, அவருக்குத் துணையாய் நின்று ‘இங்கே பாருங்கள்’ என்று சுட்டுவதற்கே என்ற கொள்கையை நிலைநாட்டினர். 1998-இல் மார்பகப் படங்களைப் படிக்கும் அத்தகைய கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

2004-இல் அதே சிகாகோ ஆய்வுக் குழுவினர், எம்.ஆர். படங்களில் மூளை நாளப் புடைப்பைத் தேடும் முறையொன்றை வெளியிட்டனர். குழாய் வடிவானவற்றை மங்கச் செய்து, உருண்டை வடிவானவற்றை எடுத்துக்காட்டும் சல்லடை அதன் அடிப்படை. புடைப்பு எப்படியிருக்கும் என்று மனிதர் விதி வகுத்துத் தந்தனர். பொறி அவ்விதியைப் பின்பற்றியது. விதிக்கு அடங்காத வடிவங்கள் வந்தபோது அது தடுமாறிற்று.

இதற்கிடையே 2007-இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று, மார்பகப் படங்களில் கணிப்பொறித் துணையைக் கையாண்ட நிலையங்களில் மருத்துவரின் துல்லியம் உயராமல் தாழ்ந்ததையும், தேவையற்ற திசுச் சோதனைகள் மிகுந்ததையும் காட்டிற்று. பொறி எதையெதையோ சுட்டிக்கொண்டே இருந்தால், மனிதக் கண் குழம்பும் என்பது அன்று புலனாயிற்று.

பிறகு வந்ததே கற்கும் பொறி. 1950-களின் இறுதியில் ஃபிராங்க் ரோசன்பிளாட் வகுத்த எளிய நரம்பு வலை மாதிரி, 1986-இல் பிழையைப் பின்னோக்கிச் செலுத்தித் திருத்தும் முறையால் உயிர்பெற்றது. 2012-இல் படங்களை வகைப்படுத்தும் போட்டியொன்றில் டொரான்டோ பல்கலைக் கழகக் குழுவின் ஆழ்நரம்பு வலை ஏனையோரைப் பெரிதும் விஞ்சியது. அக்குழுவை வழிநடத்திய ஜெஃப்ரி ஹின்டன், ஜான் ஹாப்ஃபீல்டுடன் 2024-ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வலைகளின் உயிர்நாடியும் கன்வொல்யூஷனே. ராமச்சந்திரன் படத்தை உருவாக்கக் கையாண்ட அதே பெருக்கிக் கூட்டும் செயல், இங்கே படத்தைப் படிக்கப் பயன்படுகிறது. வேறுபாடு ஒன்றே: அங்கே எடைச் சட்டத்தின் எண்களைக் கணிதம் தந்தது, இங்கே பொறி தானே தேடிக்கொள்கிறது.

எவ்வாறு தேடுகிறது? மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான படங்களில் புடைப்புள்ள இடத்தைக் குறித்துத் தருகின்றனர். பொறி முதலில் குருட்டாம்போக்காக விடை சொல்கிறது. விடைக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, தன் எண்களைச் சிறிதே மாற்றிக்கொள்கிறது. இது எண்ணிலடங்கா முறை நிகழ்கிறது. மாணவன் வாய்ப்பாட்டைப் பிழைதிருத்திப் பிழைதிருத்தி மனனம் செய்வது போன்றது இது. ஆனால் மாணவன் ஆசிரியரிடம் ‘ஏன்’ என்று கேட்பான், பொறி கேட்பதில்லை. தந்த படங்களில் இல்லாததை அது அறிவதும் இல்லை.

சோதனைக் களத்தில்

2019-இல் ஜப்பானின் ஒஸாகா நகர ஆய்வாளர்கள் தங்கள் முடிவை வெளியிட்டனர். தங்கள் மருத்துவமனைப் படங்களிலிருந்த 649 புடைப்புகளில் 592-ஐயும், பிற இடத்துப் படங்களிலிருந்த 80 புடைப்புகளில் 74-ஐயும் அவர்கள் பொறி கண்டறிந்தது. முதலில் படம் பார்த்து எழுதிய மருத்துவ அறிக்கைகளில் இடம்பெறாத புடைப்புகளும் இவற்றுள் இருந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் மற்றொரு சோதனை செய்தனர். எட்டு மருத்துவர்கள் 115 சி.டி. நாளச் சோதனைகளை, ஒருமுறை தனித்தும் ஒருமுறை பொறியின் துணையோடும் படித்தனர். புடைப்புள்ளவரைக் கண்டறியும் திறன் நூற்றுக்கு 83.1-லிருந்து 89.0 ஆக உயர்ந்தது. புடைப்பில்லாதவரை உள்ளவரெனப் பிழைபடக் கூறுவது குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை. பார்க்கும் நேரமும் பெரிதாகக் குறையவில்லை. பொறி தனித்துப் பெற்ற வெற்றியன்று இது. மனிதரோடு சேர்ந்து பெற்ற வெற்றி.

2019-இலேயே ஜப்பான் அரசு இத்தகைய மென்பொருள் ஒன்றை மருத்துவக் கருவியாக ஏற்றது. 2020-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவ நிலையத்தார், தம் படங்களைப் பொதுவில் வைத்து உலக ஆய்வாளர்க்குப் போட்டி நடத்தினர். 2022-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மென்பொருள் வந்தது. 2025-இல் வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் இதே பொருளில் பெரும் போட்டியை அறிவித்தது.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. மும்பையைச் சேர்ந்த க்யூர் நிறுவனத்தார் 2018-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் சுமார் 20 நிலையங்களிலிருந்து திரட்டிய 3,13,318 தலைச் சி.டி. படங்களை ஆதாரமாகக் கொண்டது. மூளையில் இரத்தக் கசிவு, எலும்பு முறிவு முதலிய அவசர நிலைகளைக் கண்டறிவது அதன் நோக்கம். வெடிக்காத புடைப்பைத் தேடுவது அதன் பணி அன்று. எனினும், இந்திய மக்களின் படங்களைக் கொண்டே பொறியைப் பயிற்றலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. ஒஸாகாவில் கற்ற பொறி, வேறு கருவியில், வேறு மக்களிடத்தில் அதே திறனோடு இயங்கும் என்று சோதியாமல் கொள்ளுதல் கூடாது. ஆதலின் இதன் சிறப்பு உணரத்தக்கது.

வேலூர்ப் பயணத்தை முன்னர்க் குறித்தோம். கதிர்ப்பட மருத்துவர்கள் பெருநகரங்களிலேயே செறிந்திருக்கும் இந்நாட்டில், சிற்றூர்களிலும் ஸ்கான் கருவி வந்துவிட்டது; அப்படத்தைப் படிக்கும் தேர்ந்த கண் வரவில்லை. அங்கே ஒரு பொறி ‘இப்படத்தை உடனே பாருங்கள்’ என்று தொலைவிலுள்ள மருத்துவரை எழுப்புமாயின், ரயிலில் கழியும் இரண்டு நாள்கள் மிஞ்சும். வெடித்த புடைப்பு, முதல் நாள்களிலேயே மீண்டும் வெடிக்கும் இயல்புடையது. அவ்விரண்டு நாள்களின் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம்.

காண்பதும் காப்பதும்

இவ்வளவும் கேட்ட பின், ‘அப்படியாயின் நாம் அனைவரும் உடனே சோதித்துக்கொள்ளலாமே’ என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். 2012-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு, 5720 பேரிடமிருந்த 6697 வெடிக்காத புடைப்புகளைத் தொடர்ந்து நோக்கிற்று. ஓராண்டில் வெடித்தவை நூற்றுக்கு ஒன்றினும் சற்றுக் குறைவே. சரியாகச் சொன்னால் 0.95. சிறியவை வெடிப்பது அரிது. பெரியவற்றுக்கு அபாயம் மிகுதி. கவ்வி பொருத்துவதிலும் சுருள் நிரப்புவதிலும் தமக்கென ஆபத்துகள் உண்டு. எனவே நான்கு மில்லிமீட்டர்ப் புடைப்பொன்றைப் பொறி கண்டுபிடித்துவிட்டால், அதைத் தொடுவதா, ஆண்டுதோறும் படமெடுத்துக் கவனித்து வருவதா என்ற கேள்விக்கு அப்பொறி விடை தராது. வயது, புடைப்பின் இடமும் வடிவும், இரத்த அழுத்தம், குடும்ப வரலாறு ஆகிய அனைத்தையும் சீர்தூக்கி மருத்துவரும் நோயாளியும் கூடிச் செய்ய வேண்டிய முடிவு அது.

நேற்றுவரை நலமாயிருந்தவர், தலையில் ஒன்று இருக்கிறது என்ற செய்தியைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினால், அவ்வீட்டின் உறக்கமே மாறிவிடும். மகளின் திருமணத்தை முன்தள்ளலாமா, வேலைமாற்றத்தை ஏற்கலாமா என்று ஒவ்வொன்றும் அச்சத்தால் அளக்கப்படும். அப்புடைப்பு ஒருகால் எண்பது வயது வரை வெடியாமலே இருந்திருக்கலாம். மிகச் சிறியவற்றையும் விடாது சுட்டும் பொறிகள் பெருகப் பெருக, இத்தகைய வீடுகளும் பெருகும். கருவி செய்வோர் இதனைக் கணக்கில் எடுப்பதில்லை. நாம் எடுத்தாக வேண்டும்.

2016-இல் ஹின்டன், இனிக் கதிர்ப்பட மருத்துவரைப் பயிற்றுவதையே நிறுத்திவிடலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். ஐந்தாண்டுகளில் பொறி அவர்களை விஞ்சிவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஐந்தாண்டுகள் கடந்தன, அம்மருத்துவரின் தேவை குறையவில்லை. சுட்டும் வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். பிழைக்குப் பொறுப்பேற்பதும், நோயாளியின் முகம் நோக்கி உண்மையைச் சொல்வதும் மனிதர்க்கே உரியன. 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளும், மனிதரின் மேற்பார்வையையும் நோயாளியின் ஒப்புதலையும் அந்தரங்கக் காப்பையும் வலியுறுத்துகின்றன.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கவை சில உண்டு. புகைபிடித்தலும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமும் நாளப் புடைப்பு தோன்றவும் வெடிக்கவும் துணைசெய்வன. இவ்விரண்டையும் தடுக்கச் செயற்கை நுண்ணறிவு வேண்டுவதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோருள் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இந்நோய் கண்டிருந்தாலோ, சிறுநீரகத்தில் பல கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய் இருந்தாலோ, சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டல் தகும். வாழ்நாளில் அறியாத கடுந் தலைவலி இடி விழுந்தாற்போல் திடீரெனத் தோன்றினால், சுக்குப் பற்றும் தைலமும் போட்டு விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. அப்போதே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். இமை தொங்குதல், பார்வை இரட்டித்தல், கழுத்து விறைத்தல் ஆகியவையும் அவசர அறிகுறிகளே.

பழைய ஸ்கான் படங்களையும் குறுந்தட்டுகளையும் எறிந்துவிடாதிருங்கள். புடைப்பு வளர்ந்துள்ளதா என்பதை முந்திய படத்தோடு ஒப்பிட்டே அறிய முடியும். அறிக்கையில் பொறியின் துணை இருந்ததாகத் தெரிந்தால், ‘மருத்துவர் ஒருவர் இதனைத் தம் கண்ணால் பார்த்தாரா?’ என்று கேட்க நாணாதீர்கள். அது உங்கள் உரிமை.

இறுதியாக ஒன்று. லிஸ்பனில் முதற்சோதனையில் உயிரிழந்தவரின் பெயரை நாம் சொல்லவில்லை. மூன்று இலட்சம் படங்களைத் தந்த இந்திய நோயாளிகளின் பெயர்களை எவரும் அறியார். அவர்களுள் நம் அண்டை வீட்டாரும் இருக்கலாம், நம்மவரே இருக்கலாம். அவர்தம் நோயினின்றும் கற்றதே இப்பொறியின் அறிவு. ஆதலால் அவ்வறிவின் பயன், பணம் படைத்தோர் செல்லும் பெருநகர மருத்துவமனையோடு நின்றுவிடாமல், பட உறையைக் கையில் ஏந்தி மாவட்ட ஆஸ்பத்திரியின் வரிசையில் நிற்பவரையும் சென்றடைதல் வேண்டும். அந்நாள் விரைந்து வருக என விழைகிறோம்.